இருபத்து நான்காவது ரொட்டி

செய்தி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் நான்கு பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மருமகள் செல்வி, பூக்காரி இசக்கியம்மாள். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. இசக்கியம்மாள் முழம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் பையோடு நின்றேன். ஜஸ்வந்த் அக்காவின் கொழுந்தன் மகன் தங்கராஜ் வண்டியை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"அத்தை, பெரியம்மா போயிட்டாவ. அஞ்சரை மணிக்கு."

இசக்கியம்மாளின் கை பாதி முழத்தில் நின்றது. நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "கடைசியா ஏதாவது சொன்னாவளாடே? பேரு ஏதாவது?" என்று கேட்டேன்.

"மூச்சே இல்லாம கெடந்தாவ. என்ன பேரு அத்தை?" என்றான் தங்கராஜ்.

அந்தக் கேள்விக்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொக்கிரகுளத்திலும் பாளையங்கோட்டையிலும் அக்காவோடு பழகிய உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நர்சாக இருந்து உங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அது. ஆனாலும் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அக்கா சீக்கியப் பெண். பிறந்தது மலேயாவில், ஈப்போ பக்கம். அங்கே தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்திய நம் ஞானமுத்து சாரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். சார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புவார். அக்கா விடியுமுன்னே தன் பிரார்த்தனையை முடித்துவிட்டு அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றப் பார்த்ததில்லை. சார் போன பிறகும் அக்கா ஊர் திரும்பவில்லை. "எந்த ஊருக்குலா போக? பஞ்சாபை நான் பார்த்ததே இல்ல. ஈப்போவுல எங்க வீடு இருந்த எடத்துல இப்ப பெட்ரோல் பங்கு" என்பார்.

சித்திரை முதல் நாள் நமக்கு விசு. அதையொட்டி சீக்கியர்களுக்கு வைசாகி வரும். நான் கனி பார்த்து, கோயிலுக்கும் போய்விட்டு, நேராக அக்கா வீட்டுக்குப் போவேன். அவர் குடும்பத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவருடைய தாத்தா பஞ்சாபிலிருந்து ரயிலில் கல்கத்தா போய், அங்கே கப்பலேறி மலேயா போனவர். கூடப் போனவர்களையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். காவல்காரராக, மாட்டுவண்டிக்காரராக, பால்காரராகப் பிழைத்தார்கள். தங்களுக்கென்று ஒழுங்கான வீடு அமையும் முன்பே, சாமி கும்பிடத் தகரக் கூரையில் ஒரு குருத்வாரா கட்டினார்கள். வைசாகி அன்று ரொட்டி சுடும்போது, அந்தக் கப்பலில் போன ஒருவர் பெயரைச் சொல்லித்தான் கல்லில் போட வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு ரொட்டி. பெயர்கள் முடிந்த பிறகுதான் விருந்துக்கு வந்தவர்களுக்கான மற்ற ரொட்டி.

முதல் வருடம் நான் மாவைத் தேய்த்துக் கொடுத்தேன், அக்கா பெயர் சொல்லிச் சுட்டார். எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பெயர் இருபத்து மூன்று, ரொட்டி இருபத்து நான்கு. கடைசி ரொட்டியைப் போட்டபோது அக்கா வாய் திறக்கவில்லை. சுட்டு, தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார். பெரியவர்களை நினைக்கிற நாளில் முதலில் தனியாக எடுத்து வைப்பது காக்காவுக்குத்தானே என்று நினைத்தேன். அவர் பருப்பை இறக்கப் போன நேரத்தில், அந்த ரொட்டியை மாடிக்குக் கொண்டுபோய்ப் பிய்த்துச் சுவரில் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். ஆற்றங்கரைக் காக்காய் அத்தனையும் வந்துவிட்டது.

"ஏளா கோமதி, அந்தத் தட்டுல இருந்தது எங்க?"

"காக்காவுக்கு வச்சிட்டேன் அக்கா. கூப்பிட்ட உடனே வந்து எடுத்துக்கிட்டு. உங்க பெரியவங்களுக்குப் பரம திருப்தி."

அக்கா தலையில் கை வைத்து மாடிப்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நாங்க காக்காவுக்கு வைக்க மாட்டோம்லா. மனுசன் சாப்பிடணும். பிந்தி யாரு பசியோட வாறாங்களோ அவங்களுக்குன்னு எடுத்து வச்சேன். நீ திருநெல்வேலிக் காக்காயைக் கூட்டி விருந்து வச்சிட்டியே!"

அன்றைக்குத்தான் அந்த ரொட்டி யாருடையது என்று சொன்னார். கல்கத்தாவிலேயே தாத்தாவின் சாப்பாட்டு மூட்டை களவு போய்விட்டது. கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவர் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மலேயாக் கரையை அவர் பார்க்கவில்லை. உடலைக் கடலில் விட்டார்கள். அவர் பெயரைத் தாத்தா சொல்லி, அக்கா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். தாத்தா காலத்துக்குப் பிறகு அப்பா எல்லாப் பெயரையும் நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒரு பெயர் மட்டும் யாருக்கும் வரவில்லை. கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டார்.

"காதுல விழுந்த பேருதான், ஏளா. உள்ளதான் எங்கனயோ கெடக்கு" என்பார் அக்கா. ஒவ்வொரு வைசாகிக்கும் அந்த ரொட்டி கல்லில் கிடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தாத்தாவின் ஊரை, தான் பார்க்காத அந்தக் கப்பலை எல்லாம் அந்த ஒரு பெயரில் தேடுகிற மாதிரி இருக்கும். ரொட்டி கருகுகிற வாடை வந்து நான்தான் திருப்பிப் போடுவேன்.

பெயர்களை நானும் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சினிமாச் சுவரொட்டியும் மளிகைச் சீட்டும் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். புதுப் பெயர் சட்டென்று காதில் ஏறாது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்லச் சொல்வேன். "தாசில்தார் ஆபீசுலகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று அக்கா அலுத்துக்கொண்டே சொல்வார். துண்டுக் காகிதத்தில் எதையும் எழுதுவதில்லை என்பது என் பிடிவாதம். நோட்டில் ஏறினால்தான் எனக்கு எழுதியது போல.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வெளியே கை நனைப்பதில்லை என்று காந்திமதி அம்மன் சன்னதியில் நேர்ந்துகொண்டவள் நான். அக்கா வீட்டில் ஆட்டோக்காரரும் ஆஸ்பத்திரி ஆயாவும் டாக்டரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் பரிமாறுவேன், சாப்பிட மாட்டேன். அக்கா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

தாமிரபரணி கரையேறி நம் தெருவுக்குள் வந்த அந்த வருடம், அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பாவின் நோட்டு பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. அக்கா அழவில்லை. "உன் நோட்டு மாடியிலதான இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அடுத்து வந்த வைசாகிக்கு ஆள் குறைவு. பலர் மேட்டுத் தெருக்களுக்குக் குடி மாறியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி வரை பார்த்தோம்; பிந்தி ஒருவரும் வரவில்லை. ரொட்டி தட்டில் கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. போய்த் தரையில் உட்கார்ந்து வலக்கையை நீட்டினேன்.

"ரெண்டு கையையும் நீட்டு. ஒத்தைக் கையால நாமளா எடுக்கலாம். ஒருத்தர் குடுத்து வாங்கணும்னா ரெண்டு கை வேணும்."

சோற்றுக்கு இடக்கையை நீட்டி எனக்குப் பழக்கமில்லை. நீட்டினேன். ஆறிப்போன ரொட்டிதான், ஓரம் கருகியிருந்தது. மறுநாள் சன்னதியில் நின்று அம்மனிடம் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

போன கார்த்திகையில் ஈப்போவிலிருந்து அக்காவின் தம்பி மகன் போனில் கூப்பிட்டார். தாத்தா காலத்துக் குருத்வாராவில், முதலில் வந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, வரும் வைசாகிக்குத் திறக்கிறார்களாம். அவர்களிடம் ஒன்பது பெயர்தான் இருந்தது. நான் என் நோட்டிலிருந்து வாசிக்க வாசிக்க, அக்கா திருத்திச் சொன்னார். இருபத்து மூன்றும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் இன்னொரு வரிக்கு இடம் விடச் சொன்னார். பெயர் இல்லாமல் எதை வெட்டுவது என்று அந்தப் பையன் கேட்டிருக்கிறார். "பேரு வரும், இடத்தை விடு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மார்கழியில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். நாடி பார்க்கிறவர் போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, வந்துட்டு."

"என்னக்கா வந்துட்டு?"

"பேரு. மத்தியானம் கண்ண மூடிக் கெடக்கேன், தாத்தா அவரைக் கூப்பிடுதாரு. அவ்வளவு தெளிவா."

என் கையில் நோட்டு இல்லை. பார்வை நேரம் முடிந்து காவலாளி எல்லாரையும் வெளியே கிளப்பிக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லாதீங்க அக்கா. பஸ்ஸை விட்டு இறங்குததுக்குள்ள பேரைக் கோணலாக்கிருவேன். காலையில நோட்டோட வாறேன். மூணு தரம் சொல்லுங்க."

"சரி தாயே. உன் நோட்டு வந்த பெறகு வாயத் திறக்கேன்" என்று சிரித்தார். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, "வரி விட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"வச்சிருக்கேன் அக்கா."

மறுநாள் காலை நான் கையில் வைத்திருந்த பைக்குள் அந்த நோட்டுதான் இருந்தது.

இந்த வருடம் ரொட்டி என் வீட்டில். அந்தப் பெயர்களைச் சொல்லி நான் சுடுவேன், செல்வி தேய்த்துத் தருவாள். உங்களோடு வரிசையில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இருபத்து மூன்று பெயர், ஒரு வெற்று வரி, நீட்டத் தெரிந்துகொண்ட இடக்கை. பரணி ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, கடலில் போன ஒருவருக்காக நானும் இப்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். எனக்கு என்ன தெரியும்? அந்தக் குரலைக் கேட்ட காது என்னுடையது இல்லையே.

அந்தப் புதன்கிழமை நான் கிளம்பிய பிறகு, அக்கா பக்கத்தில் யாராவது இருந்திருப்பீர்கள். மாத்திரை கொடுத்த நர்சுப் பிள்ளை, அடுத்த கட்டில் அம்மாள், கஞ்சி கொண்டுபோனவர், ஜெபம் பண்ண வந்தவர். சந்தோஷத்தைத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர் அக்கா. உங்களில் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். பாதிதான் ஞாபகம் இருக்கிறது என்றாலும், கோணலாக இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். கல் வெட்டுகிறவர் பங்குனி வரைதான் காத்திருப்பார். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.