வாகைத் தோட்டத்தைப் பெருக்கச் சொன்னவன்

நான் ஒரு பெண்ணின் மேல் பொய்ப் பழி போட்டேன். அதனால் அவள் தன் ஆறு ஆடுகளையும் குடியிருந்த குடிசையையும் இழந்தாள். அன்றைய சின்ன வயதைக் காட்டி இதை மழுப்பப் போவதில்லை.

தங்கவயலில் சுரங்கங்கள் திறந்து சில வருஷமே ஆன காலம். பாய்லர்களுக்கு விறகு வேண்டுமென்று கம்பெனி வாகைக் கன்றுகள் நட்டது. பள்ளிப் படிப்பு இருந்ததால் அந்தத் தோட்டத்துக்கு என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று, கன்றுகளுக்கு அடியில் கிடந்த சருகையெல்லாம் வாரந்தோறும் பெருக்கி எரிக்கவைத்தேன். மூடச் சருகில்லாத மண் சித்திரை வெயிலில் வெடித்தது. கன்றுகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன.

அதே மாதம் ஒருநாள் அவளுடைய ஆடுகள் வேலிக்குள் புகுந்து ஓடையோரக் கன்றுகளைக் கடித்துவிட்டன. அவள் கணவன் சுரங்கத்துக் கல்தூசியில் நெஞ்சு கெட்டுப் படுத்திருந்தான். அந்த ஆட்டுப் பாலில்தான் குடும்பம் நடந்தது.

ஓடையோரம் பெருக்க ஆள் போதாமல் அங்கே மட்டும் சருகு கணுக்கால் அளவு கிடந்தது; அதன் அடியில் மண்ணின் ஈரம் காயவில்லை. கடிபட்ட கன்றுகள் அங்கே அடியிலிருந்து துளிர்த்தன. ஆட்டின் வாயே படாமல், பெருக்கிய தரையில் நின்றவைதான் செத்தன. இதை நான் பார்த்தேன்.

புதிதாக வந்திருந்த துரை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "தரையில் ஒரு சருகுகூட இல்லையே?" என்று கேட்டார்.

"இலையை ஆடு தின்றுவிட்டால் உதிர என்ன இருக்கும்? கன்றுகள் செத்ததும் அதனால்தான்" என்றேன். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில், ஷிப்டுக்குக் காத்திருந்த ஆட்கள் முன்னால் சொன்னேன்.

அங்கே நின்றிருந்த அவள் விடவில்லை. "இன்னா மேஸ்திரி, எங்கூட்டு ஆடு தொடப்பம் எடுத்துப் பெருக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கல்லாக்கியது. ஆடுகளைப் பட்டியில் அடைக்கவைத்தேன்; அபராதம் கட்ட அவளால் முடியாமல் அவை ஏலத்தில் போயின. கம்பெனி கொடுத்திருந்த குடிசையையும் காலி செய்யவைத்தேன். கணவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் பக்கத்து ஊரான பூதிகோட்டைக்குப் போனாள்.

அடுத்த கோடையில் ஒரு ஆடும் உள்ளே வரவில்லை. பெருக்கிய தரையில் மறுபடி நட்ட கன்றுகளும் செத்தன.

பூதிகோட்டைக்குப் போனேன். கணவன் இறந்திருந்தான். ஆடு வாங்கித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"ஆடு கெடக்கட்டும். எங்க நின்னு பழி போட்டீங்களோ அங்கியே நின்னு சொல்லுங்க."

சொன்னேன். அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால்: "பெருக்கச் சொன்னவன் நான். கன்றைக் கொன்றதும் நான்."

"வேல போச்சி மேஸ்திரி!" என்றான் ஒருவன். போனது. அதே தோட்டத்தில் கூலியாக இருக்கிறேன் என்று துரையிடம் கேட்டு வாங்கினேன். அவளுக்குக் குடிசை திரும்பக் கிடைத்தது. நான் வாங்கிக் கொடுத்த இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டாள். நான் புதுக் கன்றுகள் நட்டு, உதிர்ந்த சருகைக் கூடையில் அள்ளி வந்து அவற்றின் அடியில் பரப்பினேன்.

வேலியோரம் போகும்போதெல்லாம், "இன்னா, இன்னிக்குப் பெருக்கலையா?" என்பாள்.

"இல்லம்மா."

சில வருஷத்தில் வாகைகளின் கொப்பு ஆட்டுக்கு எட்டாத உயரம் போனது. துரையிடம் அனுமதி வாங்கி, வேலிப்படலை நானே திறந்தேன். ஆடுகளை உள்ளே விட்டாள். அவள் மட்டும் வரவில்லை, வெளியிலேயே நின்றாள்.