நைனாவுக்குப் போட்ட ஏழை வேஷம்

ஏழை எப்படி இருப்பான் என்று ஏழைக்கே பாடம் எடுத்த கூத்து எங்கள் செஞ்சியில்தான் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் நடுவில் ராஜகிரி அடிவாரத்தில் படம் பிடிக்க மெட்ராஸ் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழைகளைத் தேடி வந்து கண்ணீர் துடைக்கிற கதையாம். கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டுமென்று சிங்கவரம் வரை சொல்லியனுப்பினார்கள். வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்த என் நைனாவும் கிளம்பினார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அம்மா அதற்குக் கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். போட்டோ பிடிக்கப் போகிறவர்கள் அப்படித்தானே போவார்கள்? சினிமாவும் அதே சங்கதி என்று ஊரே நினைத்துவிட்டது. எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போய் நின்றோம்.

கம்பெனி மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏழைங்க வேணும்னா, மாப்பிள்ளைங்களா வந்து நிக்கிறீங்களேய்யா!"

"ஏழதாங்க நாங்க. யார வேணா கேட்டுப் பாருங்க" என்றார் நைனா.

யார் கேட்டார்கள்! சட்டையைக் கழற்றவைத்து ஒட்டுப் போட்ட ஒரு வேட்டியைக் கொடுத்தார்கள். அம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். "கிழிஞ்சா ஒட்டுப் போடுவாங்க. இது இன்னா, நல்ல துணியில போட்டு வெச்சிருக்கான்?" என்று சத்தமாகவே கேட்டாள். அடுத்து முகத்தில் புழுதி. "மண்ணுல வேல செய்யறவன் சாயங்காலம் குளிக்க மாட்டானா?" என்று நைனா பல்லைக் கடித்தார். கண்ணில் ஏதோ மருந்தை விட்டார்கள். நீர் கொட்டியது. கதாநாயகன் சால்வை போர்த்த, நைனா கையெடுத்துக் கும்பிட்டார். காட்சி முடிந்ததும் சால்வையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

பல மாதம் கழித்து அந்தப் படம் எங்கள் டூரிங் கொட்டாய்க்கு வந்தது. திரை முழுக்க நைனா அழுதார். தரை டிக்கெட்டிலிருந்து பெஞ்சு டிக்கெட் வரை கொட்டாயே மூக்கை உறிஞ்சியது. நான் மட்டும் எழுந்து நின்று, "எங்க நைனா! எங்க நைனா!" என்று குதித்தேன். நைனா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரச் சந்தைக்கு அவர் வேண்டுமென்றே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படத்து ஏழையை மறந்து ஊர் தன்னைப் பழைய ஆளாகப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார் போல. பொரிக்காரம்மா எங்களைப் பார்த்ததும் கை நிறையப் பொரியை அள்ளி என் பாவாடையில் போட்டாள். "துட்டு வாணாம்பா. பாவம், நீ இன்னா பண்ணுவ, வெச்சுக்கோ."

அவளிடம்தான் நைனா வாராவாரம் காசு கொடுத்துப் பொரி வாங்குவார். ஒரு நாள்கூட அவள் பாவம் என்றதில்லை. நைனாவின் முகம் சுண்டிப்போனது. என் பாவாடையிலிருந்து பொரியை ஒன்று விடாமல் வழித்து அவள் கூடையில் கொட்டிவிட்டு, என் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தார்.

சும்மா கிடைத்த பொரியைத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் உலகத்தில் உண்டா? எனக்குத் தாங்கவில்லை. சந்தை அதிர அழுதேன்.

"அழாத கண்ணு, அழாத" என்று நைனா கெஞ்சினார். அவருடைய வெள்ளைச் சட்டையை யாரும் பார்க்கவில்லை; என் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "ஐயோ பாவம், படத்துல வந்தாப்லயே இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி.

நான் இன்னும் சத்தமாக அழுதேன்.