வின்சென்டுக்காகக் காத்திருக்கவா, நீக்கவா?

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, என் சிநேகிதன் ஒருவனிடம் "இனிமேல் நீ எங்களோடு விளையாட வராதே" என்று சொல்லிவிட்டு வர அனுப்பப்பட்டேன். முப்பத்தாறு வயதில் இப்படி ஒரு வேலை. ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"எங்க போறிய?" என்றாள் மனைவி.

"வின்சென்ட் வீட்டுக்கு."

"இத்தற நேரமும் அவருகூடத்தானே கம்ப்யூட்டர்ல இருந்திய?"

ஆமாம். பிரச்னையே அதுதான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான், வின்சென்ட், சசி… மூன்று பேரும் முன்பு நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர்கள். மாலையில் கடைசி பேட்ச் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே கேபிளில் கோர்த்த மெஷின்களில் உட்கார்ந்து கேம் ஆடுவோம். ஆளுக்கொரு கோட்டை. மரம் வெட்டி, கல் சுமந்து, சுவர் எழுப்பி, படை திரட்டி, அடுத்தவன் கோட்டையை இடிக்க வேண்டும். தோற்றவன் போய் சாயா வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன்.

சென்டரை மூடிவிட்டார்கள். நான் தினமும் பாசஞ்சர் ரயிலில் தொங்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஆபீஸுக்குப் போகிறவன் ஆனேன். சசி மஸ்கட் போனான். வின்சென்ட் திருப்புறத்தில் வீட்டையும் தோப்பையும் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவன் மனைவி ஸ்டெல்லா சவூதியில் நர்ஸ்.

அதோடு விட்டிருக்கலாம். சசி விடவில்லை. எங்கேயோ ஒரு சின்ன புரோகிராமைப் பிடித்து அனுப்பினான். எங்கள் கேமுக்கு ஒரே அறையில் இருக்கும் மெஷின்களைத்தான் தெரியும். இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. இந்த புரோகிராம் அதை ஏமாற்றும். மஸ்கட்டைக் காட்டி, இதுதான் பக்கத்து மேஜை என்று நம்பவைக்கும். பாவம், அதுவும் நம்பிவிடும்.

சசிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே எங்கள் ஆட்டமும் வெள்ளி மாலைதான். ஆபீஸில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வருவேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மோடத்தைத் தெரியும். மழை பெய்தால் லைன் கிடைக்காது, வெயில் அடித்தால் அறுந்துபோகும். கிடைத்தாலும் அரை மணி நேரக் கரண்ட் கட் வந்து நிற்கும். இத்தனையும் தாண்டி மூன்று பேரும் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கு நாலு மரம் வெட்டியிருப்போம்… திரை அப்படியே உறைந்துவிடும்.

ஏன்? இது ஒரே அறைக்காகச் செய்த கேம். எல்லோரும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். ஒருவன் லைன் போனால் மற்றவர்களும் நின்றுவிட வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். இந்த ஆளுக்காகக் காத்திருக்கவா, நீக்கவா?

அந்த ஆள் எப்போதும் வின்சென்ட்தான்.

காத்திருப்போம். ஆட்டத்தை சேவ் செய்துவிட்டு வெளியே வருவோம். வின்சென்ட் திரும்ப டயல் செய்து வந்து, "ஸாரி மக்கா, லைன் போச்சு" என்று டைப் அடிப்பான். மறுபடி மூவரும் உள்ளே போய், சேவ் செய்ததைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கொஞ்ச நேரம்தான். மறுபடி லைன் போகும். இப்படி ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு மாதமாக நடந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒரு தடவை சசி பொறுக்காமல் கேட்டுவிட்டான். நாங்கள் டைப் அடிப்பது ஆங்கில எழுத்தில், பேசுவது ஊர்ப் பேச்சில். "எலே, பொண்டாட்டி அனுப்புத பைசாவுல ஒரு நல்ல மோடம் வாங்கப்பிடாதா?"

அந்த வெள்ளியும் அப்படித்தான். மூன்றாவது தடவையாக அந்தப் பெட்டி வந்ததும் சசி எனக்கு அடித்தான்: "இனி எனக்கு வய்யா. இருக்கியது ஒரே ஒரு லீவு. நாம ரெண்டுபேரும் ஆடுவோம். நீ பக்கத்துலதானே இருக்க, நேர்ல போயி அவன்கிட்ட சொல்லு."

எனக்கும் முடியவில்லைதான். அதனால் சரி என்றேன்.

திருப்புறம் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டரில் எங்கள் கேம் உறைந்துபோய் நின்றது. வின்சென்ட் அதைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டெலிபோனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மோடம் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். "லைன் போச்சு மக்கா…"

நானும் ஒரு காலத்தில் வாத்தியார் இல்லையா? போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் சுத்தமாகக் கேட்டது.

"கீழ வை" என்றான். நான் புரியாமல் நின்றேன். அவனே என் கையிலிருந்து பிடுங்கி வைத்தான். "இப்ப ஸ்டெல்லா போன்ல விளிப்பா."

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அவளுக்கும் வெள்ளிக்கிழமை அரை நாளாக்கும் லீவு. ட்யூட்டி எப்ப முடியும், பூத்துல எப்ப எடம் கிட்டும்னு அவளுக்கே தெரியாது. நான் நெட்டுல கெடந்தா அவளுக்கு எங்கேஜ்டுதான் கேக்கும். அதனால எடைக்கெடைக்கு வயர ஊரிட்டு, போன வச்சுப் பாப்பேன். விளிக்கல்லன்னா திரும்ப உங்ககிட்ட வாறேன்."

"அப்ப நீ ஆடாமலே இருக்கலாமுல்லா?"

"உச்சை நேரத்துல இருந்து இந்த போனையே நோக்கிட்டு இருந்தா பிராந்து பிடிச்சிரும் மக்கா. நீங்க ரெண்டுபேரும் இல்லன்னா வெள்ளிக்கிழமை எனக்கு வேற ஆரு உண்டு?"

"சொல்லியிருக்கலாமே?"

"என்னத்தச் சொல்ல? பொண்டாட்டி விளிக்கதுக்குக் காத்துக் கெடக்கேன்னா? சசி விடுவானா?"

இரண்டு மாதமாக அவன் மோடத்தைத் திட்டியிருக்கிறோம், டெலிபோன் இலாகாவைத் திட்டியிருக்கிறோம், கடலோரக் காற்றைக்கூடத் திட்டியிருக்கிறோம். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான் அந்த லைன்தான்.

"ஆமா, நீ எதுக்கு வந்த?" என்றான்.

"சும்மா. சாயா குடிக்க."

சாயா போட்டுக் கொடுத்தான். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். நான் கிளம்பும்வரை அது அடிக்கவில்லை. சொல்ல வந்ததை நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சசிக்கு எல்லாவற்றையும் டைப் அடித்தேன். பதிலே இல்லை. சரிதான், இவன் லைனும் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் துண்டு துண்டாக வந்தது.

"நான் இங்க வந்த புதுசுல இதே வெள்ளிக்கிழமை பூத்துல கியூ நின்னவனாக்கும். போன் கார்ட வச்சிட்டு நிப்போம். வீட்டுக்கு அடிச்சா எங்கேஜ்டு. பின்னால ஆளு நிக்கும், திரும்ப கடைசிக்குப் போவணும். அந்த எங்கேஜ்டு சத்தம் கேட்டா என்ன தோணும் தெரியுமா? வீட்டுல ஆரோ செத்துப்போச்சு, எல்லாரும் போன்ல சொல்லிட்டு இருக்காவன்னு தோணும்."

அப்புறம், "அவ விளிச்ச பொறவு அவன் வரட்டு. நாம இருப்போம். தொடங்கண்டாம்" என்று வந்தது.

வின்சென்டிடம் அப்படியே சொன்னேன். அவன் நம்பாத மாதிரி "ஓ" என்றான்.

போன வெள்ளி. நானும் சசியும் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம்… உட்கார்ந்தே இருந்தோம். நல்லவர்களாக இருப்பது எவ்வளவு போரடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? கடைசியில் சசிதான் ஆரம்பித்தான். "சும்மா கை பழகிக்கிட ஒரு சின்ன ஆட்டம் போடுவோமாடே?"

போட்டோம். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அன்று நான் தொட்டதெல்லாம் துலங்கியது. மரம் மளமளவென்று விழுந்தது, படை பெருகியது, சசியின் கோட்டைக்குள் என் யானைகள் நுழைந்தன. இந்த ஜென்மத்தில் நான் சசியை ஜெயித்ததில்லை.

அப்போது வின்சென்ட் வந்து டைப் அடித்தான்.

"பேசியாச்சு. முதல் அடியிலயே லைன் கிட்டிச்சாம். அவளுக்கு நம்பிக்கை வரல்ல, நீங்க இன்னைக்கு ஆடல்லியான்னு கேட்டா. நீங்க தொடங்கியாச்சா?"

நான் யோசித்து விரலை வைப்பதற்குள் சசி அடித்துவிட்டான்: "இல்லடே. ஒன்னையத்தான் நோக்கி இருக்கோம்." அடுத்த நொடி அவன் ஆட்டத்திலிருந்து வெளியேறினான். என் யானைகள், படை, எல்லாம் போயே போய்விட்டன.

நட்புக்காகத்தான் செய்தான். நானும் அப்படியேதான் நம்பப் பார்க்கிறேன். ஆனால் அவன் கோட்டையில் அப்போது ஒரே ஒரு சுவர்தான் பாக்கி இருந்தது.