அரை நிமிடத்தில் ஒரு வீடு

போன வாரம் பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. எதிரே மரம் ஏற்றிய லொறி. பின்னால் எடுக்க இரண்டு டிரைவர்களுக்கும் மனமில்லை. நமக்கென்ன... நான் போனை எடுத்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் புதுப் பைத்தியம் தெரியும் — மாதக்கணக்கில் எடுத்த படங்களை ஒட்டி, ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோக்கள். ஒரு நாளில் உலகம் முழுக்கப் பறந்த விமானங்கள் எறும்புகளாக ஊரும் வரைபடம் ஒன்று இருக்கிறது. தேடிப் பாருங்கள். ஊர்கள் வளர்ந்த கதையை இரவு விளக்குகளை வைத்தே சொல்லும் படமும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இவைதான் இப்போது பாடம்.

அன்று பார்த்தது, பாலைவனத்தில் ஒரு கோபுரம் எழும்புவது. அந்த மாதிரி ஒரு கட்டடத்துக்கு நானும் இரண்டு வருடம் கம்பி கட்டியிருக்கிறேன். வெயில், தகரக் கொட்டகை, ஓர் அறையில் பத்துப் பேர். வேலை அப்படித்தான். வீடியோவில் கிரேன் சுழல்கிறது, மாடிக்கு மேல் மாடி ஏறுகிறது... ஓர் ஆளைக்கூடக் காணோம். வேகமாக ஓட்டினால் மனிதர்கள்தான் முதலில் மறைந்துபோகிறார்கள். கவனித்திருக்கிறீர்களா?

பக்கத்து சீட்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். பெயர் லெச்சுமணன், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை.

"இது என்னாங்கண்ணே கோபுரம்... எங்க வீட்டப் பாருங்க" என்று தன் போனை நீட்டினார்.

அரை நிமிட வீடியோ. ஏழே பேர்ச்சஸ் துண்டுக் காணியில் அத்திவாரம், சுவர், ஜன்னல். முன்னால் மூடியில்லாத ஒரு நீலத் தண்ணீர்ப் பீப்பாய். அவ்வளவுதானே என்று பாதியில் நிறுத்திப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் மனைவி புவனேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர். வீடு நிஜமாகவே எழும்புகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஞாயிறுதோறும் காலையில், ஆட்கள் வேலை தொடங்குமுன், ஒரே இடத்தில் நின்று லெச்சுமணன் ஒரு படம் எடுத்து அனுப்புவார். ஒப்பந்தம் முடிவதற்குள் கூரை ஏறினால் புவனேஸ்வரி ஊருக்கு வருவார். ஏறாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து. இதுதான் இருவருக்கும் பேச்சு.

சுவர் இடுப்பளவு வந்த நேரம், கல் சுமந்து மேடேறிய லெச்சுமணன் சறுக்கி விழுந்தார். கால் முறிந்து மாவுக்கட்டு. மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், இனி எங்கே கூரை ஏறப்போகிறது என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவாரே. ஞாயிறு வந்தால் அதே இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படம் எடுத்தார்.

புவனேஸ்வரி ஒருநாள் அதுவரை வந்த எல்லாப் படங்களையும் ஒட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். முதல் படங்களில் பீப்பாய்க்குள் தண்ணீர் தெரிகிறது. திடீரென்று ஓர் இடத்தில் தண்ணீர் மறைந்து, பீப்பாயின் வயிறு மட்டும். கமரா கீழே இறங்கிவிட்டது! தனித்தனிப் படங்களில் நின்றுகொண்டிருந்த பொய், வரிசையாக ஓட்டியதும் விழுந்துவிட்டது.

உடனே போன்.

"ஏங்க, ஏன் ஒக்காந்துகிட்டு படம் எடுக்குறீங்க?"

முதுகு வலி என்று இவர் ஏதோ சமாளித்திருக்கிறார். புவனேஸ்வரி விடவில்லை.

"ஒங்களால நிக்க முடியல. சரி... அப்ப செவர யாரு கட்டுறா?"

ஏனென்றால், தண்ணீர் மறைந்த பிறகுதான் சுவர் கிடுகிடுவென்று உயர்கிறது. இவர் நல்ல காலோடு இருந்த வாரங்களில் ஊர்ந்த வீடு, இவர் விழுந்த பிறகு ஓடுகிறது.

எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கட்டியது, தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் கூடக் குடியிருக்கும் ஆட்கள். கல் ஏற்றிவரும் லொறி கீழ் ரோட்டோடு நின்றுவிடும். மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், ஆளுக்கொரு கல்லைத் தலையில் வைத்து மேடேறியிருக்கிறார்கள். ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஆண்கள் மேசனுக்குச் சாந்து குழைத்தார்கள். யாரையும் இவர் கூப்பிடவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர் கேலி வேறு பண்ணினாராம்: "நீ இப்புடியே ஒக்காந்திரு மச்சான். எந்திரிச்சா வேல கெட்டுப்போகும்."

அவர்களில் ஒருவர்கூட அந்த வீடியோவில் இல்லை. ஆனால் சுவர் ஓடுகிற ஓட்டத்தில் அத்தனை பேரும் தெரிகிறார்கள். நான் பார்த்த எந்தக் கோபுரத்திலும் இப்படித் தெரிந்ததில்லை. எங்கள் மலைச் சனம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

"கையெழுத்துப் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"முழுசா பாக்காம நிப்பாட்டிட்டீங்களேண்ணே" என்று மறுபடி ஓட்டினார்.

கூரை ஏறுகிறது. அடுத்து, கடைசிப் படம். வாசற்படியில் லெச்சுமணன், இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். கமராவைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

படம் லேசாக ஆடியிருக்கிறது — எடுத்தவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை போலும்.