காரணம் கேட்ட குதிரைக்காரர்

“ஒரு குதிரைப் போட்டிக்காகவா சார் உங்க சிநேகிதர் அத்தனை வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சாரு?” என்று பல வருடங்களுக்கு முன் வகுப்பில் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். “பாடத்தைப் பார்” என்று சொல்லிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை; சொல்லத் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும். இந்த வியாழக்கிழமை காலை அந்தச் சிநேகிதருடைய மகள் ஸ்டெல்லா தொலைபேசியில், “அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க மாமா” என்றபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

திரு. சூசைராஜ் அவர்கள் ஐம்பதுகளில் எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நான் கணக்கு. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து அஸ்தம்பட்டியிலிருந்த பள்ளிக்கு மற்றவர்கள் சைக்கிளில் வருவார்கள். அவர் குதிரையில் வருவார். மல்லி என்ற அந்தப் பெண்குதிரை முன்பு ஜட்கா இழுத்தது. வண்டிக்காரர் விற்றபோது இவர் வாங்கி, மரக்கட்டைகளை அடுக்கித் தாண்டப் பழக்கினார். ஒரு பழக்கத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. கையில் பையும் குடையுமாக யாராவது ஓரத்தில் நின்றால், சவாரி என்று நினைத்து மல்லி நின்றுவிடும்.

“என்னைப் பார்த்து ஏன்யா நிக்குது?” என்பார் தலைமையாசிரியர்.

“மரியாதைங்க” என்பார் இவர்.

சென்னையில் நடக்கவிருந்த குதிரையேற்றப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒருவரை அனுப்ப, இங்கிருந்த சங்கம் ஒரு தேர்வு வைத்தது. நேரம் குறிக்க என்னை அழைத்திருந்தார்கள். வந்தவர்கள் இருவரே: சூசைராஜ் அவர்களும், சங்கத் தலைவருடைய அக்கா மகனும். முதல் சுற்று அவரவர் குதிரையில். இரண்டாம் சுற்றில் குதிரையை மாற்றிக்கொள்ள வேண்டும். திறமை ஆளிடம் இருக்கிறதா, குதிரையிடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே, நல்ல விதிதான். இரண்டு சுற்றிலும் சூசைராஜ் ஒரு தடையைக்கூடத் தட்டவில்லை. மருமகன் ஏறிய மல்லியோ, குடையும் பையுமாக நின்ற சங்கத்துக் குமாஸ்தாவைக் கண்டு பாதி வழியில் நின்றது. உதைத்தும் நகரவில்லை. மருமகன் இறங்கி நடந்து வந்தார். மைதானமே சிரித்தது.

மறுவாரம், மருமகனைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்கள்.

நூற்றுக்கு நூறு வாங்கிய பையனை உட்காரவைத்துவிட்டு, நாற்பது வாங்கியவனுக்குப் பரிசு கொடுத்தால் அவன் என்ன கேட்பான்? “ஏன் சார்?” என்று கேட்பான். இவரும் அதைத்தான் கேட்டார். “கமிட்டி முடிவு” என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்ப அதே பதில். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அங்கே காரணங்கள் கிடைத்தன, வாய்தாவுக்கு ஒன்றாக. குதிரை குட்டை என்றார்கள். அப்படி ஒரு விதி எங்கே என்று கேட்டால், அடுத்த வாய்தாவில், ஆசிரியருக்கு லீவு கிடைக்காது என்றார்கள். தலைமையாசிரியரே வந்து லீவு உண்டு என்றார். அப்புறம், “நாங்கள் தேர்ந்தெடுத்தது ஆளையே அல்ல, குதிரையை” என்று ஆரம்பித்தார்கள்! இதற்குள் சென்னையில் போட்டி நடந்து முடிந்தது. மருமகன் முதல் தடையிலேயே விழுந்து திரும்பினார். உடனே எதிர்த்தரப்பு வக்கீல், போட்டியே முடிந்துவிட்டதால் வழக்குக்கு இனி உயிரில்லை என்றார். சாட்சி சொல்ல நானும் கடிகாரத்தோடு போய்ப் போய்த் திரும்பினேன். ஒருநாள் முன்சீப் மாறியிருப்பார். ஒருநாள் வக்கீலுக்குக் காய்ச்சல். ஒருநாள் வழக்குக் காகிதக் கட்டையே காணோம் என்பார்கள்.

“விட்டுருங்க சார். போட்டிதான் முடிஞ்சிருச்சே” என்றேன், கோர்ட் வாசல் டீக்கடையில்.

“போட்டி முடிஞ்சிருச்சுங்க. என் கேள்வி முடியலீங்களே.”

“செயிச்சா என்ன தருவாங்க?”

“பதில் தருவாங்க.”

டீயை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: “படுத்தா, ஒவ்வொரு தடையா மறுபடி ஓட்டிப் பார்க்கறேன் சார். எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல. தப்பு என்னுதுன்னா திருத்திக்குவேன். இல்லேன்னா தூங்குவேன். ரெண்டுல ஒண்ணு வேணுமில்லீங்களா?”

அறுபதுகளும் பிறந்துவிட்டன. புதிதாக ஒரு முன்சீப் வந்தார், இளைஞர். காகிதக் கட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கூண்டில் நின்ற தலைவரிடம், “இவரை ஏன் அனுப்பலை? சுருக்கமாச் சொல்லுங்க” என்றார்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். “என்ற சொந்த அக்காளுங்க… பையனை அனுப்பலைன்னா கஞ்சி குடிக்க மாட்டேன்னு உக்காந்துக்கிச்சு. வாத்தியார் ஓட்டினதுல ஒரு குத்தமும் இல்லீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சூசைராஜ் எழுந்து கும்பிட்டார். “போதுங்க. வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன்.”

அவருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “செயிக்கிற நேரத்துல வாபஸா? உம்மை நம்பி வந்தேன் பாரும்!” எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அது சூசைராஜ் மேல் இல்லை. தலைவர் இதே வார்த்தையை அன்றே இவர் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருந்தால், இத்தனை பேருடைய இத்தனை வருடம் மிஞ்சியிருக்குமே!

அன்று மாலை, எங்கள் இருவருக்காக அவர் மல்லியைப் பூட்டிக்கொண்டு வந்திருந்த வண்டியில் திரும்பினோம். பஸ் நிற்கும் இடத்தில், பையும் குடையுமாகத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். மல்லி நின்றது.

சூசைராஜ் நகர்ந்து இடம் விட்டார். “ஏறுங்க.”

“ஏனுங்க வாத்தியாரே, நெசமாத்தான் கூப்பிடறீங்களா?”

“நான் எங்கீங்க கூப்பிட்டேன்? மல்லியில்ல கூப்பிடுது.”

தலைவர் ஏறினார். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். மறுநாள் சூசைராஜ் பள்ளிக்குத் தாமதமாக வந்தார். “நல்லாத் தூங்கிட்டேன் சார்” என்றார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சங்கத் தலைவருடைய அந்த மருமகன் வந்திருந்தார், இப்போது அவரும் கிழவர். பையும் குடையுமாகக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே தயங்கி நின்றார். மல்லி இல்லாததால் நானே போய் உள்ளே அழைத்து வந்தேன். நிம்மதியாகத் தூங்குங்கள், சூசைராஜ் சார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கபடி அணியானாலும் பள்ளி நாடகமானாலும், விடுபட்டவரிடம் அன்றைக்கே நேரில் போய், உண்மையான காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.