பின்சக்கரம் கட்டிய கை

இருளப்பசாமி சக்கரம் கட்டினால் இம்மி ஆடாது என்று ராஜபாளையம் முழுக்கப் பேச்சு. அலாய் வீல் விரிசல் விட்ட பழைய மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தி, “கம்பி வீலா மாத்திக் குடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தளவாய்புரத்தில் பிறந்து, பதினாறு வயதில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வந்து, பிறகு தென்காசி சாலையில் சொந்தக் கடை போட்டவர். ஐம்பத்து மூன்று வயதில் அவர் சேர்த்து வைத்திருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

அந்தப் பேர் நான்கு வருடமாக அவருடையது இல்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

சர்க்கரை வியாதி அவருடைய விரல்களை மரத்துப்போகச் செய்துவிட்டது. ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினால் எது தளர்வு, எது இறுக்கம் என்று விரல் சொல்ல வேண்டும். அவர் விரல் ஊமையாகிவிட்டது. ஒருநாள் ஒரே ரிம்மோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டித் தோற்று, தலையில் கைவைத்து அவர் உட்கார்ந்தபோது, சோறு கொண்டுவந்த மனைவி சண்முகத்தாய் அவர் கையிலிருந்த, கம்பி திருகும் சாவியை வாங்கினாள். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி எடுத்துக் கொடுத்தவள். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிச் சத்தம் கேட்டாள். கால் திருகு, அரைத் திருகு. சோறு ஆறுவதற்குள் சக்கரம் ஆடாமல் சுற்றியது.

அன்று அந்த மனிதர் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா?

“வெளியில மூச்சு விட்ராத. பொம்பள கட்டுன வீலுன்னா எவன் ஏறி உக்காருவான்?”

அவள் மூச்சு விடவில்லை. அது முதல் கடையின் பின்கட்டில் அவள் கட்டினாள். முன்னால் இவர் மாட்டினார். ‘கையா இது, தங்கம்’ என்று ஊர் சொன்னபோது தலை குனிந்து வாங்கிக்கொண்டார். நாள்பட நாள்பட, தான்தான் கட்டியதாக அவரே நம்பத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியன் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பு. அந்தக் கல்லுப் பாதையில் அவருடைய பழைய வண்டியின் அலாய் வீல்கள் இரண்டும் போய்விட்டன. வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மறுநாள் பார்க்க வந்தவர், நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். சண்முகத்தாய் மடியில் முன்சக்கரம், கையில் சாவி.

“என்னப்பா இருளப்பா, தங்கச்சிதான் மெக்கானிக்கா?”

இருளப்பசாமி சிரித்தார்.

“நீங்க வேற அண்ணாச்சி. துரு துடைக்கச் சொன்னேன். இவளுக்கு வீலுக்கும் வடைக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டுலயும் நடுவுல ஓட்டை இருக்கும், அம்புட்டுதான் தெரியும்.”

பட்டாளத்துக்காரர் குலுங்கிச் சிரித்தார். சண்முகத்தாய் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தச் சக்கரத்தை முடித்து, சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.

“பின்வீல நீங்களே கட்டிக்கோங்க. எனக்கு வடை சுடுத சோலி இருக்கு.”

அப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் தணிந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. வீம்பாக உட்கார்ந்து தானே கட்டினார். பார்வைக்கு நேராகத்தான் தெரிந்தது. கண்ணை நம்பி வண்டியைக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் அந்த வண்டி லோடு ஆட்டோவில் திரும்பி வந்தது. சுந்தரபாண்டியன் முழங்காலில் கட்டோடு இறங்கினார். தோப்புக்குப் போகிற வழியில் பின்சக்கரத்தில் மூன்று கம்பி அறுந்து, வண்டி சறுக்கி விழுந்திருக்கிறது.

“முன்வீல் பம்பரமா நிக்குது. பின்வீல் பாம்பா நெளியுது. ரெண்டும் ஒரு கை கட்டுனதாப்பா?”

எதிர்த்த டீக்கடையில் கிளாசோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இருளப்பசாமியின் பேர் போகப்போகிறது. அந்தப் பயத்தில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“முன்வீல் நான் கட்டுனது அண்ணாச்சி. பின்வீலு… அவ ஆசைப்பட்டாளேன்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலில் தூக்குவாளியோடு சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. வாளியை இறக்கி வைத்தாள். “கழத்துங்க” என்றாள். கழற்றிய சக்கரத்தைப் பின்கட்டுக்கு எடுத்துப் போகாமல், கடை வாசலிலேயே, ஊர் பார்க்க, மடியில் போட்டுக்கொண்டாள். அறுந்த கம்பிகளை எடுத்தாள். புதுசு கோத்தாள். தட்டினாள், கேட்டாள், திருகினாள். வண்டியில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம்மின் ஓரத்தில் சாக்குக்கட்டியைப் பிடித்தாள். ரிம் எங்கும் நெளியாததால், விட்டுப்போகாமல் சுற்றிலும் ஒரே வெள்ளைக் கோடு விழுந்தது.

சுந்தரபாண்டியன் முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்சக்கரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி நின்றன. பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தார்.

“வீல் கட்டுன கையாலதான் பழம் வைக்கணும். பின்வீலுக்குத் தங்கச்சி வைக்கட்டும். முன்வீலுக்கு நீ வையிப்பா.”

இருளப்பசாமி முன்சக்கரத்தின் அருகே குந்தினார். உள்ளங்கையில் பழம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. டயருக்கு அடியில் வைக்கப் போன கை அந்தரத்திலேயே நின்றது.

“அண்ணாச்சி,” என்றார் தரையைப் பார்த்தபடி. “முன்வீலும் அவதான் கட்டுனா. நாலு வருசமா எல்லா வீலும் அவதான். உங்கள விழத்தாட்டுனது என் கை.”

சண்முகத்தாய் அவர் கையிலிருந்த பழத்தை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். இன்னொன்றைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு உருண்டது.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் முட்டு தப்பிச்சிருக்கும்ல” என்றார் பட்டாளத்துக்காரர். அதில் கோபம் இல்லை. இருளப்பசாமியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீக்கடைக்காரர் சங்கரலிங்கம் சாலையைக் கடந்து வந்தார். இருளப்பசாமியைத் தாண்டிப் போய் சண்முகத்தாயிடம் கேட்டார். “தாயி, என் வண்டி வீலயும் செத்த பாக்கணுமே.”

இருளப்பசாமி சட்டென்று எழுந்து உள்ளே போனார். பின்கட்டில் அவள் உட்காரும் மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இனி முன்னாடியே உக்காரு” என்று சொல்ல நினைத்தார். பலகையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

அவள் சேலையில் கையைத் துடைத்தாள். “நாளைக்கு வாங்கண்ணே. இன்னைக்கு இவுக மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு உக்கார ஏலாது” என்றாள். தெருவில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அத்தனை பேர் முன்னால், அந்தப் பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு இருளப்பசாமி நின்றார்.