கைராசிக்காரியின் வட்டம்

எங்கள் நுண்ணுயிரியல் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைராசி என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடத்துக்கு முன்பு, ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், குளத்துச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். புண்ணில் சீழ் வைக்கிற கிருமி படர்ந்த தட்டில் அந்தப் பாக்டீரியாவின் சாற்றை ஒரு சொட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால், சொட்டைச் சுற்றிக் கிருமியே வளராமல், சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெளிவான ஒரு வட்டம். அந்த வருடம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து எண்ணூறு தட்டு போட்டிருப்போம். வட்டம் வந்தது அவளுக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து யாருக்காவது முக்கியமான சோதனை என்றால் அவளிடம் வந்து நிற்பார்கள். "கொஞ்சம் இந்த டியூபைத் தொட்டுக் குடேன்." அறிவியல் படித்தவர்கள் என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நானும் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவை பலித்தது. ஏன் பலித்தது என்று நான் ஆராயவில்லை.

எனக்கும் அவளுக்கும் ஒரே மேஜை. மேஜையைத் துடைத்து, துடைத்த துணியைத் துவைத்து, துவைத்த கையைக் கழுவுகிற ரகம் அவள். நான் டீ கிளாஸோடு கதவைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைத்தால் போதும், முறைத்தே வெளியே தள்ளிவிடுவாள். அவள் அப்பா பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறுதோறும் போனில், "இன்னும் எத்தனை ஸ்டாப்மா இருக்கு?" என்பார். "அடுத்த ஸ்டாப்தான்பா" என்பாள் இவள். மூன்று வருடமாக இதே பதில்.

இந்தத் தடவை அது நிஜமாகவே கடைசி ஸ்டாப். பதிவுக்காலம் முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் ஆறு வருடமும் அம்போ. எங்கள் வழிகாட்டியான மேடம் ஒரே ஒரு வேலைதான் பாக்கி வைத்திருந்தார். "புதுசா மூணு தடவை சாறு எடு. மூணு தடவையும் வட்டம் வரட்டும். எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

சாறு எடுப்பது பெரிய வித்தை இல்லை. பாக்டீரியா வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கரைப்பானில் கலக்கி, அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியாக விடுவோம். அடியில் ஒட்டியிருப்பதை நாலே சொட்டில் கரைத்து எடுத்தால் அதுதான் சாறு. தட்டில் சாற்றுக்குப் பக்கத்திலேயே வெறும் கரைப்பானும் ஒரு சொட்டு வைப்போம், பாட்டிலிலிருந்து நேராக. அதற்குப் பெயர் கன்ட்ரோல். கரைப்பானே கிருமியைக் கொன்றுவிட்டு நம் பாக்டீரியா பெயர் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாதே, அதற்காக. ஆறு வருடமும் சாற்றைச் சுற்றி வட்டம் வந்தது, கன்ட்ரோலைச் சுற்றி வரவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

முதல் வாரத்திலேயே தட்டில் ஊற்றி உறைய வைக்கிற அகார் கூழ் கொதிக்கிற பாட்டிலைக் குலுக்கி, பொங்கிய அகாரை வலது கையில் ஊற்றிக்கொண்டாள். கை முழுக்கக் கட்டு. அதனால் சாறு எடுத்தது நான், அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என்னை மேய்த்தாள். மறுநாள் காலை தட்டைத் திறந்தோம். வட்டம் இல்லை. கிருமி பாய் விரித்த மாதிரி ஒரே சீராகப் படர்ந்திருந்தது.

"நீ என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றாள்.

"நீ சொன்னதத்தான் பண்ணினேன்."

"அப்ப ஏன் வரல?"

"என்னக் கேட்டா?"

துறை முழுக்கச் செய்தி பரவியது. கையில் கட்டுப் போட்டதால் ராசி போய்விட்டது என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, என் கைக்கு ராசி இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம். பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்ததும் அவளே சாறு எடுத்தாள். அப்போதும் வட்டம் இல்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பாக்டீரியா சோர்ந்துவிட்டதோ என்று உறைபெட்டியிலிருந்து பழைய குப்பியை எடுத்து உயிர்ப்பித்தோம். பாக்டீரியாவுக்குப் போடுகிற ஊட்டப்பொடியை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். கிருமிதான் முரடாகிவிட்டதோ என்று பக்கத்துத் துறையில் கெஞ்சி வேறொன்று வாங்கிவந்தோம். ஒன்றுக்கும் மசியவில்லை. மேடம் எங்கள் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "எதையோ விட்டுட்டீங்க ரெண்டு பேரும்" என்றார். எதை என்று அவருக்கும் தெரியவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டத்தைப் பார்த்தாள்.

நாலாவது வாரம், நாலு கிண்ணத்தில் சாறு எடுத்ததில் ஒன்றில் மட்டும் வட்டம் வந்தது. என் கையைப் பிடித்துக் குதித்தாள். குதித்து முடிந்ததும்தான் உறைத்தது. ஒரே பாக்டீரியா, ஒரே நாள், ஒரே கரைப்பான். மூன்றில் இல்லாதது நாலாவதில் எங்கிருந்து வந்தது? வராதபோதுகூட இவ்வளவு குழப்பம் இல்லை.

எங்கள் துறையில் கண்ணாடிச் சாமான் எல்லாம் கழுவுகிறவர் ஒரு அக்கா. கண்ணாடி அக்கா என்போம். அவருடைய கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த நாலாவது கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் கைராசி.

"அதுல என்னம்மா தேடுற?" என்றார் அக்கா.

"இதுல மட்டும் ஏன் வந்துச்சுன்னு தெரியலக்கா."

அக்கா வாங்கிப் பார்த்தார். "ஓரத்துல உடைஞ்சிருக்குல்ல, இதுவா? இது நீ ஊற வச்சிருந்தது. கை வெந்துச்சே, அதுக்கு முன்னாடி. நீல வாளியில தனியாக் கெடந்துச்சு. போன வாரந்தான் பாத்தேன். ஒரு தண்ணி விட்டு அலசி வச்சேன்."

நீல வாளி அவளுடைய தனி ஏற்பாடு. அக்காவின் கழுவலில் அவளுக்குத் திருப்தி கிடையாது. தன் கிண்ணங்களை மட்டும், மேஜை துடைக்கிற கிருமிநாசினியில் இரண்டு நாள் ஊற வைத்து, பிறகு தானே கழுவி எடுப்பாள். கையில் கட்டுப் போட்ட நாளிலிருந்து, கட்டைப் பிரித்த பிறகும் தோல் ஆறட்டும் என்று, அவள் கிண்ணங்களையும் அக்காதான் சாதாரண சோப்பில் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் நேராகப் போய் இரண்டு கிண்ணம் எடுத்தாள். ஒன்றை நீல வாளியில் ஊற வைத்து, வழக்கம்போலத் தானே கழுவினாள். இன்னொன்றை அக்காவிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் இரண்டிலும் வெறும் கரைப்பானை ஊற்றி, ஆவியாக விட்டு, மிச்சத்தை நாலு சொட்டில் எடுத்துத் தட்டில் வைத்தாள். எங்கள் கன்ட்ரோல் இத்தனை வருடமும் பாட்டிலிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனதே தவிர, ஒரு தடவைகூடக் கிண்ணத்துக்குள் போய்வரவில்லை. இதை நானும் கேட்கவில்லை, மேடமும் கேட்கவில்லை, வருடா வருடம் வந்து தலையாட்டிவிட்டுப் போன ஆய்வு மதிப்பீட்டுக் குழுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா கழுவிய கிண்ணத்துச் சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. நீல வாளிக் கிண்ணத்துச் சொட்டைச் சுற்றி வட்டம், கழுவியும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த கிருமிநாசினியின் வேலை. சும்மா சொல்லக் கூடாது, ஆறு வருடத்தில் அவளுக்கு வந்ததிலேயே அழகான வட்டம் அதுதான்.

"அப்ப அது ஒண்ணுமே பண்ணலயாடி?" என்றாள். அவளுடைய பாக்டீரியாவைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆறு வருஷமா நான் என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்? வாளியையா?"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "ரெண்டு வாரம் இருக்கு. பழையபடி வாளியிலயே ஊற வை. மூணு தட்டு போடு, எழுதிக் குடு. நானும் வாய் திறக்க மாட்டேன்."

இதை நான்தான் சொன்னேன். அவள் மேல் இருந்த பாசத்தில் சொன்னேன் என்று பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. நான் வேறு ஏதோ பாஷையில் பேசுவது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்புறம் தட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேடம் போனில் இருந்தார். தட்டைக் கண்டதும் போனை வைத்துவிட்டுக் கையை நீட்டி வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"வந்துடுச்சாம்மா! எவ்ளோ பெருசா வந்திருக்கு பாரு! நான் சொன்னேன்ல, இது உன்னைக் கைவிடாதுன்னு."

கைராசி மேடம் கையிலிருந்த தட்டைக் காட்டினாள்.

"மேடம், அதுல நம்ம பாக்டீரியாவே இல்ல. அது வெறும் கன்ட்ரோல்."